டார்ச்சின் நடுக்கட்டை

மைனி,

நேற்று ஆடித்தபசுக் கூட்டத்தில் ஒருவன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நின்றான். தெற்கு ரத வீதியில், வளையல் கடைக்கும் மிட்டாய்க் கடைக்கும் நடுவில். பட்டையான ரப்பர் வார், முன்னால் தீப்பெட்டி அளவுக்கு ஒரு விளக்கு. "மாட்டிப் பாருங்க ஆச்சி, ரெண்டு கையும் சும்மா இருக்கும், எந்த வேலையும் பாக்கலாம்" என்று என்னையும் மறித்தான். ஆளாளுக்கு வாங்கினார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன் வாங்கினான், கோழிப்பண்ணைக்காரன் வாங்கினான். அதை நெற்றியில் மாட்டிக்கொண்ட ஒருத்தரைப் பார்த்தும் யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மனைக்கூடச் சரியாகக் கும்பிடவில்லை. வீட்டுக்கு வந்து உங்கள் படத்துக்கு முன்னால் நின்று நாலு வார்த்தை கேட்டேன். உங்கள் மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் கத்தினால் யாருக்கும் கேட்காது.

செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்பார்கள். உங்களைப் பற்றி நல்லதாகப் பேச இந்தத் தெருவில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கம்பு ஊன்றிக்கொண்டு ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய மகராசி என்கிறார்கள். சோறு யார் கையால் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அவர்கள் பேசட்டும். நான் வேறு பேச வேண்டியிருக்கிறது.

என் புருஷன் பம்பாய்க்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டபோது, ராயகிரியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் நான். எழுபதுகளின் நடுவில். வந்த மறு வருடமே அண்ணன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். நீங்களும் நானும் பள்ளிக்கூடம் போகிற உங்கள் மகனும் மிஞ்சினோம். அண்ணன் காரியம் முடிந்து, பந்தல் பிரித்த அன்றைக்கே சொன்னீர்கள்.

"உக்கார வச்சு சோறு போட எனக்கு வக்கில்ல ஏட்டி. நாளைக்கு என்கூட வா."

அப்படித்தான் பழைய சாமான் பொறுக்கும் தொழிலுக்கு வந்தேன். தறிக்கூடங்களில் கழித்துப்போட்ட இரும்பு, கழிவு நூல். மூடிக் கிடக்கும் பஞ்சு மில்களில் பித்தளை, செம்புக் கம்பி, பல்சக்கரம். மில்காரர்களிடம் மொத்தமாகப் பேசி வைத்துக்கொண்டு உள்ளே இறங்குவோம். மூடின மில்லில் கரண்டு ஏது? ஜன்னலையெல்லாம் செங்கல் வைத்து அடைத்திருப்பார்கள். வெளியே வெயில் கண்ணைப் பறிக்கும், உள்ளே நட்டநடுப் பகலில் கும்மிருட்டு. அதற்குத்தான் உங்கள் டார்ச்.

பித்தளை உடம்பு, முழங்கை நீளம், மூணு கட்டை. டார்ச்சுக்குள் போடுகிற பேட்டரிக்கு நம் பக்கத்தில் கட்டை என்றுதானே பேர். அந்த டார்ச்சை வாங்கும்போதே தப்பாக வாங்கினீர்கள். கடைக்காரன் குடோனின் கடைசி மூலைக்கு அடித்துக் காட்டினான், சின்ன வட்டமாகப் போய் விழுந்தது, நீங்கள் மயங்கிவிட்டீர்கள். வயலில் பன்றி விரட்டுகிறவனுக்கு அது சரி. நாம் காலடியில் கிடக்கிறதைப் பொறுக்குகிறவர்கள். கைக்கெட்டும் தூரத்துக்குப் பரவலாக விழுந்தால் போதும், தூரத்து வெளிச்சத்தை வைத்து நமக்கு என்ன வேலை? அதைச் சொன்னதற்கு, "நீ எத்தன லைட்டு வாங்கியிருக்க?" என்றீர்கள். கடைக்காரன் சிரித்தான்.

அந்த டார்ச் உங்கள் கையை விட்டு இறங்கியதேயில்லை. நீங்கள் அடிப்பீர்கள், நான் குனிந்து பொறுக்க வேண்டும். நீங்கள் காட்டுகிற இடம்தான் எனக்குக் கண். நான் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சத்தை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோய்விடுவீர்கள். இருட்டில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருப்பேன்.

கட்டைக்கு நீங்கள் செய்த மரியாதையை மனுஷர்களுக்குச் செய்ததில்லை. வடகத்தோடு வடகமாக அதையும் வெயிலில் காய வைப்பீர்கள். பஸ்ஸில் போகும்போது பைக்குள் பொத்தான் அமுங்கி வீணாக எரிந்துவிடும் என்று, நடுக்கட்டையை மட்டும் எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் போடுவீர்கள். அப்படிப் போட்டால் பொத்தானை அமுக்கினாலும் எரியாது. இது நீங்கள் கண்டுபிடித்ததில்லை, அந்தக் காலத்தில் டார்ச் வைத்திருந்தவர்கள் பாதிப் பேர் செய்ததுதான். போய்ச் சேர்ந்ததும் மூடியைத் திருகி, கட்டையை நேராக்கிக்கொள்வீர்கள். அதை ஒரு தடவை எரித்துப் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? மாட்டீர்கள்.

"பகல்ல லைட்ட எரிக்கவா? கட்ட செத்துரும்லா."

ஒரு தறிக்கூடத்தின் பின்னறையில் நீங்கள் வெளிச்சத்தை இழுத்துக்கொண்ட நேரத்தில் என் கையில் தேள் கொட்டியது. தோள் வரை கடுத்தது. நான் தரையில் உட்கார்ந்து அழுகிறேன், நீங்கள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த கோயில் புற்றுமண்ணை எச்சில் தொட்டுப் பூசிவிட்டு, "அம்மா பாத்துக்கிடுவா, எந்திரி. அந்தச் சாக்க எடு" என்றீர்கள். புற்றுமண் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. உங்கள் மேல் இருந்த கொஞ்ச நம்பிக்கை அன்றைக்குப் போயிற்று.

எனக்கென்று ஒரு விளக்கு செய்துகொள்ள வேண்டும் என்று அந்தக் கடுப்பிலேயே முடிவு செய்தேன். நாம் பொறுக்கிய சாமான்களிலிருந்தே எடுத்தேன். உடைந்த சைக்கிளிலிருந்து டைனமோ விளக்கின் தலை. அதன் கண்ணாடியை ஆற்று மணலை வைத்துத் தேய்த்து மங்கலாக்கினேன், வெளிச்சம் சிதறிப் பரவுவதற்காக. கட்டைகளைத் தலையில் வைத்தால் கழுத்து இற்றுப்போகும். அவற்றை இடுப்புக்குக் கொண்டுபோனேன். டப்பாவெல்லாம் போட்டுப் பார்த்தேன், நடக்கும்போது ஆடி ஆடி வெளிச்சம் விட்டுவிட்டு வந்தது. கடைசியில் பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு முழம் வெட்டி, கட்டை இரண்டையும் அதற்குள் திணித்தேன். ரப்பர் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஸ்பிரிங் வேண்டாம், மழைத்தண்ணீரும் உள்ளே போகாது. சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை மடித்து இரண்டு முனையிலும் வைத்து, ரேடியோ வயரை இழுத்து, முதுகு வழியாக நெற்றிக்கு ஏற்றினேன். பொத்தானுக்குப் பதில் ஒரு ஊக்கு. மாட்டினால் எரியும், கழற்றினால் அணையும். நெற்றிக்கு வாரும் அதே ட்யூபுதான்.

அடுப்படியில் கதவைச் சாத்திவிட்டு மாட்டிப் பார்த்தேன். நான் பார்க்கிற பக்கமெல்லாம் வெளிச்சம் வந்தது. சட்டி, உறி, கரி பிடித்த சுவர். யாரையும் கேட்காமல் தலையைத் திருப்பினேன், அது திரும்பியது. சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது மைனி, இதை உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

நீங்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, தெருவே கேட்கும்படி சிரித்தீர்கள். "ஏ, இங்கன வந்து பாருங்க! எம் வீட்டுல ரயிலு வந்து நிக்கி!" என்று அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டீர்கள். வந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "புருசன் இல்லாதவ நெத்தில லைட்டக் கட்டிக்கிட்டு அலைஞ்சா ஊருல என்ன பேசுவான்? அவுத்துப் போடு" என்றீர்கள். நான் அவிழ்க்கவில்லை. நம் வீட்டில் நான் உங்கள் சொல்லைக் கேட்காத முதல் விஷயம் அந்த விளக்கு.

அதன் பிறகு என் சாக்கு உங்கள் சாக்கை விடச் சீக்கிரம் நிறைந்தது. இரண்டு கையும் எனக்கு இருந்தன அல்லவா? பஞ்சு அரைக்கும் மிஷின்களுக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டே பித்தளை வளையங்களைக் கழற்றினேன். விருதுநகர் மில்காரர் ஒருவரின் கணக்குப்பிள்ளை அந்தக் குவியலைப் பார்த்தார். உங்களிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார்.

"இதெல்லாம் நீ எடுத்ததாம்மா? இளையரசனேந்தல் ரோட்டுல நமக்கு இன்னொரு மில்லு கெடக்கு. அத ஒம் பேருலயே எடுத்துச் செய்யி. இது ஒழுங்கா முடிஞ்சா இன்னும் ரெண்டு இருக்கு."

என் பேரில். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தனியாக ஓர் அறை, வாசலில் ஒரு தராசு, என்னை யாரும் வா என்றும் போ என்றும் சொல்லாத ஒரு பிழைப்பு. அந்த மில் ஒன்று நல்லபடியாக முடிந்தால் போதும். நீங்களோ அவர் முன்னால் முகத்தில் ஈயாடாமல் நின்றீர்கள். வீட்டுக்கு வந்ததும், "சின்னப் பிள்ளய நம்பி மில்லத் தொறந்து விடுதாவளாக்கும். நானும் வருவேன்" என்றீர்கள். வராதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் வீட்டில் அல்லவா இருந்தேன்.

இனி நான் எழுதப் போவதை நீங்கள் நூறு பேரிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறீர்கள். என் வாயால் ஒரு தடவை கேளுங்கள்.

பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்காக நின்றோம். பையிலிருந்து டார்ச்சை எடுத்து என்னிடம் நீட்டினீர்கள். "நடுக்கட்டைய நேராப் போட்டு வையி. அங்கன போனதும் நேரத்தப் போக்காம இறங்கணும்." நீங்கள் சொன்னபடி மூடியைத் திருகி, கட்டையை நேராக்கி, மூடிக் கொடுத்தேன். பிறகு பஸ் வந்தது, முண்டியடித்து ஏறினோம். இருக்கைக்காக நீங்கள் ஒருத்தியோடு சண்டை போட்டீர்கள். சண்டையில், கட்டையை நேராக்கச் சொன்னதே உங்களுக்கு மறந்துபோயிற்று.

மில்லுக்குப் போனதும் நான் வெளியே நின்று நெற்றி வாரை இறுக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் படியில் உட்கார்ந்திருந்தீர்கள். டார்ச் மூடியின் மரை கீச்சென்று திருகும் சத்தம் எனக்குப் பின்னால் கேட்டது. ஒவ்வொரு நாளும் கேட்கிற சத்தம். சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நீங்களோ பழக்கத்தில், கையாலேயே தடவி, நேராக இருந்த கட்டையை மறுபடியும் தலைகீழாக்கியிருக்கிறீர்கள். எரித்தும் பார்க்கவில்லை. கட்டை செத்துவிடுமே!

அந்த மில்லில் மிஷின் தளத்துக்குக் கீழே ஒரு சுரங்கம் உண்டு. எல்லா மிஷினையும் ஓட்டுகிற நீளத் தண்டும் அதன் சக்கரங்களும் அதற்குள்தான். நல்ல பித்தளையும் அங்கேதான் இருக்கும். நான் இறங்குகிறேன் என்றேன். "மூத்தவ நான் இருக்கையில நீ என்ன முந்துத?" என்று ஏணியில் கால் வைத்தீர்கள். அடியில் போய் நின்று பொத்தானை அமுக்கினீர்கள். எரியவில்லை. மறுபடியும் அமுக்கினீர்கள், தட்டினீர்கள், வைதீர்கள். மேலே எனக்குக் கேட்டது. "அசையாதீங்க மைனி, நான் வாரேன்" என்று கத்தினேன். நான் சொல்லி நீங்கள் எதைக் கேட்டிருக்கிறீர்கள்? ஓர் எட்டு பின்னால் வைத்தீர்கள். சக்கரம் ஓடுகிற குழி அங்கேதான் இருந்தது.

நான் ஏணியில் இறங்கியபோது உங்கள் தொடை எலும்பு போயிருந்தது, கால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தது. காவல்காரர் வயசாளி, அவரால் இறங்க முடியாது. சாக்கைக் கிழித்து உங்களை என் முதுகோடு சேர்த்துக் கட்டினேன். நீங்கள் சிரித்தீர்களே, அந்த விளக்கு என் நெற்றியில் எரிந்தது. ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உங்களைச் சுமந்து அந்த ஏணியில் ஏறியிருக்க முடியுமா? பின்னால் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன், முடியாது. நீங்கள் என் காதுக்குள் முனகிக்கொண்டே வந்தீர்கள். மேலே கொண்டுவந்து போட்டேன். கணக்குப்பிள்ளையும் வந்துவிட்டார். காவல்காரர் டார்ச்சைத் திறந்து பார்த்து, "நடுக்கட்ட திரும்பிக் கெடக்கே" என்றார். நீங்கள் கண்ணைத் திறந்து என்னைக் கைகாட்டினீர்கள்.

"இவகிட்டதான் குடுத்தேன். வேணும்னே திருப்பிப் போட்டுட்டா. என்னையக் கொல்லப் பாத்துட்டா."

உங்களைச் சுமந்த முதுகு அப்போது இன்னும் நிமிரவில்லை.

கணக்குப்பிள்ளை நல்ல மனுஷர். ஆனாலும், "குடும்பத்துக்குள்ள வம்பு உள்ளவங்க நமக்கு வேண்டாம்மா" என்று மில்லைப் பூட்டிக்கொண்டு போனார். என் அறையும் தராசும் அந்தப் பூட்டோடு போயின. நீங்கள் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்த காலமெல்லாம் பார்க்க வந்தவர்களிடம் அதே கதையைச் சொன்னீர்கள். தெருவில் எனக்குக் கட்டைதிருப்பி என்று பேர் வந்தது. குழாயடியில் என் குடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு குடம் வைக்க யோசித்தார்கள். சொந்தக்காரர்கள் கூடி, இவளை வீட்டை விட்டு அனுப்பு என்றார்கள். நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள். "அவ எங்க போவா? இங்கனயே கெடக்கட்டும்." அதைக்கூட ஒரு நாய்க்குட்டியைச் சொல்வது போலத்தான் சொன்னீர்கள்.

நான் எங்கேயும் போகவில்லை. போக இடமில்லை என்பது பாதி. பொய் சொன்னவள் முன்னாலேயே இருந்து காட்ட வேண்டும் என்ற வீம்பு மீதி. நீங்கள் கம்பு ஊன்றிக்கொண்டு வீட்டோடு இருந்தீர்கள். நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு தறிக்கூடம் தறிக்கூடமாக நான் தனியாகப் போனேன். உங்கள் மகனைப் படிக்க வைத்தது அந்த வெளிச்சம். என்னை மாட்டிவிடுவதற்காகத் தெரிந்தே சொன்ன பொய் என்றுதான் அத்தனை வருடமும் நம்பினேன். கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்துப் பேசியது உங்களுக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான் காரணம் என்று நினைத்தேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மனசு இளகியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, நான் சமைத்து உங்களுக்குத் தட்டு வைத்தால் தொட மாட்டீர்கள். "நீ மொதல்ல தின்னு ஏட்டி. ஓடியாடி வேல பாக்கவ" என்பீர்கள். நான் தின்று முடிக்கும்வரை சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் உங்களுக்குக் கிடையாது. சோற்றில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் என்னை முதலில் சாப்பிடச் சொன்ன ஆள் கிடையாது. அதற்காகவே மீன் வாங்கும் நாளில் நடுத்துண்டை உங்களுக்கு எடுத்து வைத்தேன்.

எண்பதுகளின் கடைசியில் நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள். ஒரு மத்தியானம், மகனைச் சோடா வாங்க அனுப்பிவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டீர்கள்.

"ஒண்ணு கேக்குதேன், மறைக்காமச் சொல்லு. போற நேரம், கோவப்பட மாட்டேன். அன்னைக்கு வேணும்னுதான கட்டையத் திருப்பிப் போட்ட?"

பொய் சொன்னவர் அப்படிக் கேட்க மாட்டார். உங்களுக்கு உண்மையாகவே தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் நான் நேராக்கிக் கொடுத்ததைச் சொன்னேன், இருக்கைச் சண்டையைச் சொன்னேன், மில் படியில் மூடி கீச்சிட்டதைச் சொன்னேன்.

"நானா தொறந்தேன்?"

"நீங்கதான் மைனி."

முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். பிறகு, யாரிடமோ சொல்வது போலச் சொன்னீர்கள்.

"அப்போ நெதமும் உன்னைய மொதல்ல திங்க விட்டு, உனக்கு ஒண்ணும் ஆவலன்னு பாத்துட்டுத் தின்னேனே... அம்புட்டும் வீணாட்டி."

அதோடு சோடா வந்துவிட்டது. நீங்கள் இரண்டு மடக்குக் குடித்தீர்கள். அதன் பிறகு உங்களிடமிருந்து எனக்கென்று ஒரு வார்த்தையும் வரவில்லை. அந்த வாரமே போய்விட்டீர்கள்.

முதல் நாளே கேட்டிருக்கலாம் மைனி. ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே. எனக்கு ஒரே ஒரு நல்லது செய்தீர்கள் என்று வைத்திருந்தேன், அதையும் போகிற போக்கில் பிடுங்கிக்கொண்டு போனீர்கள். அதை மட்டும் சொல்லாமல் போயிருந்தால் என்ன?

இப்போது உங்கள் மகன் வீட்டில்தான் இருக்கிறேன். யார் சமைத்தாலும் முதலில் ஒரு வாய் நான் தின்னாமல் மற்றவர்களுக்குப் பரிமாற என்னால் முடிவதில்லை. கை தானாகப் போகிறது. "எங்க வீட்டு ஆச்சிக்குப் பசி தாங்காது, எல்லாருக்கும் முந்தித் தட்டப் போட்டுருவாவ" என்று உங்கள் மருமகள் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிக்கிறாள். உங்கள் மகனும் சிரிக்கிறான். காரணத்தைச் சொல்லிவிட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவன் தன் அம்மாவைத் தெய்வமாக நினைத்துக்கொண்டிருக்கிறான். பசி தாங்காதவள் என்றே என்னை நினைத்துக்கொள்ளட்டும் என்று, தலையைக் குனிந்துகொண்டு முதல் வாயைத் தின்கிறேன்.